தோற்றவர் யார்?
ஆர்த்தத் தியானம் பற்றி ஒரு பாடம்



தியானம் என்ற சொல்லைக் கேட்டதும், கண்மூடி அமர்ந்திருக்கும் முனிவரின் தோற்றமே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஆசாரியர் உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தின் 9-ஆம் அத்தியாயத்தில் ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்கிலம் எனத் தியானத்தை நான்காக வகுக்கிறார். பின்னவை இரண்டுமே வீடுபேற்றுக்கு ஏதுவானவை. துயரத்தில் மனம் ஒன்றிக் கிடப்பதும் ஒரு தியானமே, அதுவே ஆர்த்தம். அது விலங்கு கதிக்கு ஏதுவாகும் என்பர் ஆன்றோர். நாம் அறியாமலே நாள்தோறும் பயிலும் இத்தியானத்தை விளக்க, ஒரு விளையாட்டு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்கிறேன்.

நிகழ்ச்சி

2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள், நியூயார்க் நகரில் அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் போட்டியின் பெண்கள் அரையிறுதி ஆட்டம் நடைபெற்றது. செரீனா வில்லியம்ஸ் அவ்வாண்டில் ஆஸ்திரேலிய ஓப்பன், பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன் ஆகிய மூன்று பட்டங்களையும் வென்றிருந்தார். இன்னும் இரண்டே ஆட்டங்களில் வென்றால், ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் பெற்றவராவார். ஒற்றையர் ஆட்டத்தில் 1988-இல் ஸ்டெஃபி கிராஃப் அதனைச் செய்தபின் வேறெவரும் செய்ததில்லை. எதிரே நின்றவர் இத்தாலி நாட்டு ராபர்ட்டா வின்சி. தரவரிசையில் 43-ஆம் இடத்தில் இருந்தவர்; அதற்குமுன் நான்கு முறை செரீனாவை எதிர்த்து ஆடி, ஒரு செட்டைக்கூட வென்றறியாதவர்.

முதல் செட்டைச் செரீனா 6-2 என எளிதில் வென்றார். பின்னர் வின்சி பந்தை வெட்டி வெட்டித் தாழ அனுப்பினார். செரீனா குனிந்து எடுக்க நேர்ந்தது. பிழைகள் பெருகின. அடுத்த இரு செட்களையும் 6-4, 6-4 என வின்சி வென்றார்.

அப்போது பள்ளி மாணவியாயிருந்த என் பேத்தி, படிக்கும் மேசைக்கு எதிரே செரீனாவின் படத்தை ஒட்டி வைத்திருந்தாள். ஆட்டம் முடிந்ததும் விம்மி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு அந்த இத்தாலிக்காரி தோற்க வேண்டும், பாட்டி! அவளும் இப்படி அழ வேண்டும்" என்றாள்.

அச்சொல் என்னைத் திடுக்கிடச் செய்தது. கண்டிக்க வாயெடுத்தேன், இயலவில்லை. மூன்றாம் செட்டில் வின்சியின் பந்து கோட்டை நெருங்கிய போதெல்லாம், அது வெளியே விழ வேண்டுமென்று நானும் மனத்துள் வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் வாயால் சொன்னதை நான் மனத்தால் செய்திருந்தேன், வேறுபாடு அவ்வளவே.

பாடம்

ஆர்த்தத் தியானம் நால்வகைப்படும்.

1. விரும்பாத ஒன்று வந்து சேர, அது நீங்க வேண்டுமென்றே எண்ணிக் கிடத்தல்.
2. விரும்பிய ஒன்று பிரிய, அதனையே எண்ணி ஏங்குதல். இது இஷ்ட வியோகம்.
3. நோயின் வேதனையிலேயே மனம் தோய்தல்.
4. நிதானம். இங்கு இச்சொல் பொறுமையைக் குறிப்பதன்று. வருங்கால போகத்தை வேண்டி மனத்தைப் பிணித்துக்கொள்ளுதல் என்பது பொருள்.

பேத்தியின் துயரம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. ஆனால் அவள் இழந்தது யாது? பட்டம் அவளுடையதன்று, தோல்வியும் அவளுடையதன்று. 'செரீனா எனக்குரியவர்' என்ற பற்று ஒன்றே அவளுடையது. அப்பற்று அடிபட்டவுடன், ஒருவர்மீது கொண்ட விருப்பு, ஒரு தீங்கும் செய்யாத மற்றொருவர்மீது வெறுப்பாக மாறிற்று. ஆட்டத்தின் முடிவு நமக்கு வினையைக் கட்டுவதில்லை. அம்முடிவின்மேல் நாம் வளர்க்கும் விருப்பு வெறுப்புகளே கட்டுகின்றன.

இத்துயரம் விரதமற்றோரிடம் மட்டுமன்றி, அணுவிரதியரிடத்தும், பிரமத்த நிலையிலுள்ள முனிவரிடத்தும் எழக்கூடும் என்று சூத்திரம் கூறுகிறது. ஆகவே குழந்தைகளை எள்ளி நகையாடுதல் தகாது.

மருந்து

அவ்வாறாயின், பிறர் திறமையைக் கண்டு மகிழ்தல் குற்றமா? அன்று. அனைத்துயிரிடத்தும் நட்பு, குணத்தால் உயர்ந்தோரைக் கண்டு மகிழும் பிரமோதம், துன்புறுவோரிடத்துக் கருணை, நெறிதவறியோரிடத்து நடுநிலை என நான்கு பாவனைகளை 7-ஆம் அத்தியாயம் நமக்கு அளிக்கிறது. சூத்திரம் கருதுவது ஆன்ம குணங்களையே. மட்டை வீசும் திறனை அன்று. எனினும் பாவனையைப் பழகச் சிறு களமும் உதவும். தோற்ற செரீனாவுக்குக் கருணை. அஞ்சாது நின்று ஆடிய வின்சிக்குப் பிரமோதம். இவ்விரண்டுக்கும் இடமளித்தால் வெறுப்புக்கு இடமேது?

மறுநாள் இறுதியாட்டத்தில் வின்சி, தம் நாட்டவரும் இளமைத் தோழியுமான ஃபிளாவியா பென்னெட்டாவிடம் 7-6, 6-2 எனத் தோற்றார். பேத்தி வேண்டியதில் பாதி நிறைவேறிற்று, மறுபாதி நிறைவேறவில்லை. வின்சி தோழியை நெடுநேரம் தழுவிக்கொண்டார். பரிசளிப்புக்கு முன் இருவரும் அருகருகே அமர்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தனர். பேத்தி வெகுநேரம் பேசாதிருந்தாள். பின்பு, "தோற்றவர் சிரிக்கிறார், நேற்று ஆடாத நான் அழுதேனே, பாட்டி" என்றாள். நான் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

இது நமக்குப் புதிதன்று. ஆதிபுராணத்தில், எவரும் வெல்ல இயலாத பரத சக்கரவர்த்தி, கண்பார்வைப் போர், நீர்ப்போர், மற்போர் மூன்றிலும் தம்பி பாகுபலியிடம் தோற்கிறார். சினத்தால் சக்கரத்தை ஏவுகிறார். வென்ற பாகுபலியோ அனைத்தையும் துறக்கிறார். 'தமையன் என்னால் வருந்தினானே' என்ற நினைவு அத்தவசியின் உள்ளத்தில் எஞ்சியிருந்தது. பரதர் வந்து வணங்கிய பின்னரே அது நீங்கிக் கேவலஞானம் எழுந்தது. தோற்றவர் வென்றவரை மதித்து வணங்குதல், இருவரையும் விடுவிக்கிறது.

வீட்டில் சிந்திக்க

1. நீங்கள் விரும்பும் ஆட்டக்காரரோ அணியோ தோற்றபோது, உங்கள் மனத்தில் முதலில் எழுந்தது எது? யார்மீது?
2. வென்றவரிடம் மெச்சத்தக்க ஒரு பண்பைக் கூற முடியுமா?
3. அத்துயரம் எத்தனை நாழிகை நீடித்தது? சாமாயிகத்தில் அதே அளவு நேரம் மனம் ஒன்றி இருந்ததுண்டா?

மூன்றாம் வினாவுக்கு விடையைப் பிறரிடம் கூற வேண்டுவதில்லை.

வளர்க அருகன் அறம்.