சின்ன மந்திரம், பெரிய மதகு

கரையிலிருந்து 25 அடி தள்ளி, வாய்க்காலின் நடுவே ஒரு மதகுப் பலகை இறுகிக் கிடக்கிறது. எடை 200 கிலோ. பலகையின் தலையில் ஓர் இரும்பு வளையம், அதற்கு மேலே குறுக்காக ஒரு கல் விட்டம். கீழே வயலில் நெல் கருகுகிறது. குழுவில் 5 பேர். கையில் வடமும் சணல் சரடும் ஒரு கொக்கியும் உண்டு. மந்திரம் ஒன்றே ஒன்று: கண்ணுக்குத் தெரியாத ஒரு கை. அது 30 அடி வரை போகும், நாலரைக் கிலோவுக்கு மேல் தூக்காது, 1 நிமிடத்தில் மறைந்துவிடும். தண்ணீரைத் திறந்துவிட வேண்டும்.

இந்தப் புதிரை ஏழாம் வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். முதலில் வரும் பதில், "அந்தக் கை பலகையத் தூக்கட்டும் சார்." நாலரைக் கிலோதான் தூக்கும் என்று அட்டையில் இருப்பதை மீண்டும் வாசிக்கச் சொன்னால் போதும். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு யாராவது ஒரு பிள்ளை, "ஏல, கயித்த மட்டும் அது கொண்டு போவட்டும். இழுக்கது நாம இழுப்போம்" என்று சொல்வாள். அங்கேதான் பாடம் தொடங்குகிறது.

வடமே நாலரைக் கிலோவுக்கு மேல் இருந்தால்? சரடு முதலில் போய் விட்டத்தைச் சுற்றிக் கரைக்குத் திரும்பட்டும், அதன் வாலில் வடத்தைக் கட்டி இழுத்தால் அதுவும் விட்டத்தின் மேல் ஏறிவிடும். கொக்கியை வளையத்தில் மாட்டும் வேலை மட்டும் மந்திரக் கைக்கு மிச்சம். 200 கிலோவை 5 பேர் இழுத்தால் ஆளுக்கு 40 கிலோ. கல் விட்டத்தில் வடம் உராயுமே, அப்போது 40 போதுமா என்று ஒருவர் கேட்டால் உராய்வு வந்துவிட்டது. கிணற்று உருளையை அங்கே மாட்டலாமா என்றால் எளிய இயந்திரம் வந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் தனித்தனியாகக் கிடக்கும் இரண்டு பாடங்களைப் பிள்ளைகளே தங்கள் தேவைக்காகத் தேடி எடுக்கிறார்கள்.

இந்த விளையாட்டின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கி 1974-ல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கதை விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அதில் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் மாறி, அடுத்து என்ன செய்வோம் என்று வாயால் சொல்வார்கள். முதல் பதிப்பில், புதிதாகத் தொடங்கும் மந்திரவாதிக்கு ஒரே ஒரு மந்திரம்தான். சொன்னவுடன் அது நினைவை விட்டுப் போய்விடும். ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளரின் கதைகளிலிருந்து எடுத்துக்கொண்ட விதி இது. கஞ்சத்தனமாகத் தோன்றினாலும் வகுப்பறைக்கு மிகவும் பொருத்தமான விதி. பறக்கும் மந்திரத்தையோ சுவரைத் தகர்க்கும் மந்திரத்தையோ கொடுத்துப் பாருங்கள், யோசனை அதோடு நின்றுவிடும். ஆகவே அட்டைகளில் சின்ன மந்திரங்கள் மட்டுமே இருக்கட்டும். மேலே சொன்ன கை, தொட்ட பொருளை 1 மணி நேரம் ஒளிர வைக்கும் விளக்கு, 1 அடிக்கு மேற்படாத ஒரு முறிவை ஒட்டும் ஒட்டு, சுமார் 225 கிலோ தாங்கி மிதக்கும் தட்டு. நான்கும் அந்த விளையாட்டின் பிந்தைய பதிப்புகளில் உள்ளவைதாம், அளவுகளும் அங்கிருந்து எடுத்தவையே. ஒவ்வொன்றும் ஒரு கதைக்கு ஒரு முறை என்பது மட்டும் 1974-ன் விதி.

நம் பகுதிக்கு இந்த யோசனை புதிதல்ல. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றான கன்னடியனைப் பற்றி வழங்கும் கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கால்வாயை எந்த வழியில் வெட்டுவது என்று தெரியாமல் நின்றவருக்கு அகத்தியர் சொன்ன யோசனை, ஒரு பசுவின் பின்னால் போ என்பது. பசு நடந்த வழியே கால்வாய், அது படுத்த இடத்தில் குளம். கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னால், செங்குத்தான மேட்டில் மாடு தானாக ஏறாது, சரிவு குறைந்த வழியைத்தான் பிடிக்கும் என்று மாடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளை சொல்லிவிடுவான். தண்ணீருக்கு வேண்டியதும் மெல்லிய சரிவுதான். நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரையும் இங்கே நினைவூட்டலாம். அத்தனை பெரிய தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் போடும் முட்டுக்கட்டை. எங்கே, எந்த நேரத்தில் போடுவது என்று தெரிந்தவர் கையில்தான் அதற்கு மதிப்பு.

உயர்நிலை வகுப்புக்கு விளக்கு மந்திரம் நல்ல தீனி. பாழ்கிணறு ஒன்று, ஆழம் தெரியாது, கயிறும் இல்லை. பெரும்பாலான குழுக்கள் குழுத்தலைவரின் கைத்தடியை ஒளிர வைத்து எட்டிப் பார்க்கும். சில குழுக்கள் ஒரு கூழாங்கல்லை ஒளிர வைத்து உள்ளே போட்டு எண்ணும். 2 வினாடியில் ஒளி நின்றால், புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்து, 5 × 2 × 2 = 20 மீட்டர். சத்தத்தைக் கேட்டு எண்ணாமல் ஒளியைப் பார்த்து எண்ணுவது ஏன் மேல் என்று கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பின் இயக்கம் பாடத்தில் சமன்பாடாக மட்டும் தெரிந்த ஒன்றுக்கு அன்றைக்கு வேலை கிடைக்கும். கிணற்றிலோ ஆற்றிலோ இதைச் செய்து பார்க்கக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். இறங்கும் படித்துறையில் ஆழம் எவ்வளவு என்று தெரியாமல் பிள்ளைகளை இழந்த ஊர்கள் இந்த ஆற்றங்கரையில் உண்டு.

என்னைக் கேட்டால், அறிவியலை விடத் தமிழ் வகுப்புக்குத்தான் இதில் அதிக லாபம். மிதக்கும் தட்டின் அட்டையில், "தரைக்கு 3 அடி மேலே மிதக்கும்" என்று எழுதியிருக்கிறது. ஆற்றில் 5 அடி தண்ணீர் ஓடுகிறது. தட்டில் ஏறிக் கடக்கலாமா? வகுப்பு இரண்டாகப் பிரியும். தரை என்றால் ஆற்றின் படுகை, எனவே தட்டு தண்ணீருக்குள் 2 அடி ஆழத்தில் இருக்கும் என்பார்கள் ஒரு சாரார். தட்டுக்குக் கீழே எது இருக்கிறதோ அதுதான் தரை என்பார்கள் மறு சாரார். அகராதியை எடுத்து வருவார்கள். ஒரு சொல்லின் பொருளுக்காகப் பிள்ளைகள் இவ்வளவு சூடாக வாதாடி நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம். நல்ல காரணம் சொன்ன பக்கத்துக்கு அன்றைக்கு வழி விடுங்கள், அடுத்த கதையிலும் அதே பொருளே செல்லும் என்று கரும்பலகையில் எழுதிவையுங்கள்.

ஒரு பாடவேளைக்கு ஒரு புதிர் போதும். பழைய நாள்காட்டி அட்டையை வெட்டினால் மந்திர அட்டை தயார். விளையாட்டில் பகடை உண்டு, நம்மிடம் தாயக்கட்டை உண்டு. ஆனாலும் வகுப்பில் அதை நான் சேர்ப்பதில்லை. நல்ல யோசனை சொன்ன பிள்ளை கட்டை சரியாக விழவில்லை என்பதற்காகத் தோற்கக் கூடாது. குழுவில் யார் பேசினாலும், "ஏன் அது வேலை செய்யும்?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பதிலை ஒரு வாக்கியமாக எழுதி வாங்குங்கள், மதிப்பீட்டுக்கு அதுவே போதும். தேர்வில் பின்தங்கும் பிள்ளைகளில் சிலர் இதில் முன்னால் வருவார்கள். சைக்கிள் சங்கிலி மாட்டத் தெரிந்தவர்கள், மடை திறந்து பழகியவர்கள் அவர்கள். வாசிக்கத் தயங்கும் பிள்ளைகூட அட்டையை இரண்டு முறை வாசிக்கும், ஏனெனில் தப்பிக்கும் வழி அந்த எழுத்துகளில்தான் இருக்கிறது.

மந்திரம் என்ற சொல்லே பள்ளியில் எதற்கு என்று சில பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தகடு, தாயத்து என்று வீட்டுப் பணத்தைத் தொலைத்த குடும்பங்களின் பிள்ளைகளும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது அரசியலமைப்பின் 51ஏ பிரிவு குடிமக்களுக்குச் சொல்லும் கடமை. எனவே தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது: இது விளையாட்டின் விதி, சதுரங்கத்தில் குதிரை தாவுவது போல. வேறு சொல் வேண்டுமென்றால் 'கருவி அட்டை' என்று வைத்துக்கொள்ளலாம், புதிர் கெடாது. உண்மையான மந்திரவாதி தன் தந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று யாரையும் கேட்கவிட மாட்டார். இந்த விளையாட்டிலோ அதைச் சொல்லாவிட்டால் மதகு திறக்காது.

ஒட்டு மந்திரத்துக்கான புதிர் ஒன்று எங்கள் எட்டாம் வகுப்பில் இரண்டு வாரமாக நடக்கிறது. ஐப்பசி மழை, குளம் நிரம்பிவிட்டது, கரையில் 4 அடி நீளத்துக்கு உடைப்பு. மந்திரமோ 1 அடி முறிவுக்கு மேல் ஒட்டாது. முறிந்த மண்வெட்டிக் காம்பை ஒட்டிக்கொண்டு ஊரைக் கூட்டி மண் போடலாம் என்கிறது ஒரு குழு. மறுகால் பலகையில் விரிசல் இருக்கிறதா, அதை ஒட்டித் திறந்தால் தண்ணீர் மட்டம் இறங்குமே என்று கேட்கிறது இன்னொரு குழு. மறுகால் தண்ணீர் யார் வயலுக்குப் போகும் என்று மூன்றாவது குழு எழுந்து நின்றபோது மணி அடித்துவிட்டது. அடுத்த பாடவேளை வியாழக்கிழமை.