பாலைவன ரோஜா வளர்ப்போம்

பெயரைக் கண்டு இதனை ரோஜா இனம் என்று எண்ணிவிடலாகாது. நம் வீட்டு வேலியோரம் நிற்கும் அரளிக்கு இது நெருங்கிய உறவு. நித்தியகல்யாணியும் இதே குடும்பந்தான். லின்னேயஸின் மாணவரான பீட்டர் ஃபோர்ஸ்கால், டென்மார்க் அரசர் அனுப்பிய ஆய்வுக் குழுவுடன் அரேபியா சென்று, 1763-இல் ஏமன் நாட்டில் மலேரியாக் காய்ச்சலால் மாண்டார். அவர் விட்டுச் சென்ற குறிப்புகள் 1775-இல் நூலாக வெளிவந்தன. அதில் இச்செடி அரளியின் பேரினத்திலேயே வைக்கப்பட்டு, 'நீரியம் ஒபீசம்' என்று பெயர் பெற்றிருந்தது. ஒபீசம் என்றால் பருத்தது என்று பொருள். 'அடீனியம்' என்னும் தனிப் பேரினத்திற்கு மாறியது 1819-இல். இன்று நர்சரிகளில் வழங்கும் பெயரும் அதுவே.

அந்தப் பருத்த அடித்தண்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. சகாராவுக்குத் தெற்கேயும் தென் அரேபியாவிலும் மழை சில காலம், வறட்சி பல மாதம். பெய்யும்போது கிடைத்த நீரை அடித்தண்டில் சேர்த்துக்கொண்டு, வறட்சி வந்ததும் இலைகளை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். எனவே இது தாகத்தால் சாவது அரிது. நம் ஊரில் பெரும்பாலும் நீர் மிகுதியால்தான் சாகிறது!

எங்கள் தாவரவியல் துறை வாயிலில் நான்கு தொட்டிகள் உள்ளன. இரண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கிய தொழுவுரம் கலந்து, அடித்துளையின்மேல் ஓட்டுச்சில் இட்டு நட்டோம். நாள் முழுதும் வெயில் படும் இடம். மேல்மண் நன்றாக உலர்ந்த பிறகே நீர் விடுவது வழக்கம். ஆனால் வருவோர் போவோர் அன்பு மிகுதியால் ஆளுக்கொரு குவளை ஊற்றுவதை யார் தடுப்பது? போதாக்குறைக்கு ஐப்பசி அடைமழை வேறு. கார்த்திகையில் ஒரு செடியின் அடித்தண்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். அழுகிய பழம்போல் குழைந்தது. ஆசிரியர் சொற்படி செடியைப் பிடுங்கி, வெள்ளைச் சதை தெரியும் வரை அழுகலைச் செதுக்கி எடுத்தோம். ஒரு வாரம் நிழலில் காயவைத்து, உலர்ந்த கலவையில் நட்டு, மேலும் ஒரு வாரம் நீரே காட்டவில்லை. பங்குனியில் துளிர்த்துவிட்டது. இப்போது மழைக்காலத்தில் நான்கு தொட்டிகளும் தாழ்வாரத்திற்குள் வந்துவிடும்.

கிளையை ஒடித்து நட்டாலும் வேர் பிடிக்கும். ஆனால் விதைச் செடிக்கு வருவதுபோல் அழகிய பருத்த அடி அதற்கு எளிதில் அமையாது. ஆகவே விதையே மேல்.

செடியின் பாலில் இதயத் துடிப்பைத் தாக்கும் நஞ்சு உண்டு. ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் இதன் சாற்றை அம்பு முனையில் பூசியிருக்கிறார்கள். கிளை நறுக்கியதும் கையைக் கழுவுதல் வேண்டும். ஆடு மாடும் குழந்தைகளும் எட்டாத இடத்தில் வைப்பது நலம்.

எங்கள் செடி ஒன்றில் இப்போது இரட்டைக் கொம்புபோல் காய் பிடித்திருக்கிறது. வெடித்தால், இருமுனையிலும் குஞ்சம் கொண்ட விதைகள் காற்றில் பறந்துவிடும் என்பதால் நூலால் சுற்றிக் கட்டியுள்ளேன். விதை வேண்டும் நண்பர்கள் துறைக்கு வந்து கேட்டால் ஆளுக்கு இரண்டு தருகிறேன்.