வானிலிருந்து வந்த வகுப்பு

மைசூருக்குக் கிழக்கே, மாதேசுவர மலையை ஒட்டிய பகுதியில் ராமாபுரம் என்னும் ஊர் உள்ளது. 1956 வரை இவ்வூரை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம், சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மைசூர் மாவட்டத்தோடு இணைந்தது. 1997இல் சாமராசநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அதனுள் வந்தது. எல்லைக்கோடு மாறியதே தவிர, வீடுகளில் பேசும் மொழி மாறவில்லை. இன்றும் அப்பகுதியில் தமிழும் கன்னடமும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கின்றன.

இம்மாவட்டத்தின் தொடக்கப்பள்ளிகளுக்கு ஒரு சிறப்பு உண்டு. கல்விக்கென்றே இந்தியா உருவாக்கிய எஜுசாட் என்னும் செயற்கைக்கோள், 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் முன்னோடித் திட்டத்திற்குக் கர்நாடகத்தில் இரண்டு களங்கள் அமைந்தன. ஒன்று, விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள். மற்றொன்று, சாமராசநகர் மாவட்டத்தின் தொடக்கப்பள்ளிகள். சிற்றூர்களும் காட்டோரக் குடியிருப்புகளும் நிறைந்த அம்மாவட்டத்தில் 800க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு ஏற்புக்கருவிகள் வழங்கப்பட்டன.

இரு களங்களுக்கும் பாடம் ஒரே வானிலிருந்துதான் வந்தது. வந்த முறைதான் வேறு. பொறியியல் மாணவர் ஒலிவாங்கியில் தம் ஐயத்தைக் கேட்க, தொலைவிலிருந்த பேராசிரியர் விடையளிக்க முடிந்தது. செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், கேள்வி போய்ச் சேரக் கால் நொடி ஆகும். விடை திரும்ப மேலும் கால் நொடி. அத்தயக்கத்தைப் பொறுத்துக்கொண்டால் உரையாடல் நடக்கும். தொடக்கப்பள்ளிகளில் இருந்தவையோ பெறுவதற்கு மட்டுமே உரிய கருவிகள். திரை பேசியது, குழந்தை கேட்டது. குழந்தை பேசினால் திரைக்குக் கேட்காது.

ஒளிபரப்பிற்கு இன்னொரு குறையும் உண்டு. அது எவருக்காகவும் நில்லாது. தமிழ் பேசும் வீட்டிலிருந்து வந்த சிறுமி ஒரு கன்னடச் சொல்லைப் புரிந்துகொள்ளத் தயங்கும் நொடியில், பாடம் அடுத்த படத்திற்குச் சென்றுவிடும். பலத்த மழையில் படமே மறைவதும் உண்டு. ஆகவே ஊடாட்டம் முழுவதும் வகுப்பாசிரியர் கையில் இருந்தது. நிகழ்ச்சி தொடங்குமுன் “விதை முளைக்க எது முதலில் வெளிவரும், வேரா, இலையா?” என்று கேட்டு வைக்கும் ஆசிரியரின் வகுப்பில், குழந்தைகள் விடையைத் தேடிக்கொண்டு திரையைப் பார்ப்பார்கள். கேட்காத வகுப்பில் வெறுமனே பார்ப்பார்கள். விலையுயர்ந்த கருவிகளை வாங்கும் பள்ளிகள் இன்றும் மறந்துவிடும் செய்தி இது.

இவ்வுண்மை 1975லேயே அறியப்பட்டிருந்தது. அமெரிக்கச் செயற்கைக்கோளைக் கடன்பெற்று, கர்நாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2400 சிற்றூர்களில் ஓராண்டு தொலைக்காட்சிச் சோதனை நடந்தது. கோழிவலைக் கம்பியால் செய்த அலைவாங்கிகளே அன்று போதுமானவையாக இருந்தன! அச்சோதனையோடு ஆயிரக்கணக்கான அறிவியல் ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. அப்பயிற்சியில் தொலைக்காட்சியோடு வானொலியும், அச்சிட்ட குறிப்புகளும், செய்துபார்க்கும் பணிகளும் சேர்ந்திருந்தன.

எஜுசாட்டின் பணி 2010இல் முடிந்தது. இன்று கைப்பேசியிலும் திறன்பலகையிலும் கிடைக்கும் ஊடாடும் பாடங்கள், ஒளிபரப்பால் இயலாத ஒன்றைச் செய்கின்றன: அவை நிற்கின்றன. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ பாவிப்புகளில், மாணவி ஒரு மின்சுற்றில் மின்கலத்தைக் கூட்டிப் பார்க்கலாம். கம்பியைக் கழற்றிப் பார்க்கலாம். விளக்கு அணைந்தால் எவரும் கடிந்துகொள்ளமாட்டார். ஆயினும், அடுத்த கம்பியைத் தொடுமுன் “என்ன நடக்கும்?” என்று எழுதி வைக்கச் சொல்ல, அருகில் ஒருவர் வேண்டும். அவர் அதைத் தமிழிலும் கன்னடத்திலும் கேட்கத் தெரிந்தவரானால், ராமாபுரம் போன்ற ஊர்களின் வகுப்பில் பேசாதிருந்த குழந்தையும் வாய் திறக்கும்.

சொற்பொருள்
பல்லூடகம் – எழுத்து, ஒலி, படம், அசைவு ஆகியன இணைந்த ஊடகம்
ஊடாடும் – பயன்படுத்துவோருக்கு மறுமொழி தரும்
பாவிப்பு – உண்மை நிகழ்வைப் போலச் செய்து காட்டுவது

வினாக்கள்
1. பொறியியல் கல்லூரிகளும் தொடக்கப்பள்ளிகளும் பாடம் பெற்ற முறையில் இருந்த வேறுபாடு யாது?
2. ‘அது எவருக்காகவும் நில்லாது’ – எது? இதனால் எவர் பாதிக்கப்படுவர்?
3. உங்கள் வகுப்பில் திரையில் பார்த்த பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய இரு வினாக்களை எழுதுக.