மலையாறு பெருகுவது ஏன்?

"மழை மிகுதி, அதனால் வெள்ளம்" என்று கூறி அமைவது நம் வழக்கம். அது பாதி உண்மையே. மறுபாதி, அம்மழை விழும் நிலத்தில் உள்ளது. நம் மக்கள் பலர் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து வாழ்ந்த கேமரன் மலையைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

மழையின் பங்கு

கேமரன் மலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகும். சரிவு செங்குத்தாக இருப்பதால் ஆறு சில மணி நேரத்திலேயே பெருகிவிடும். காற்றின் வெப்பம் 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால், அது தாங்கும் நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். ஆகவே, உலகம் வெப்பமடைய வெப்பமடைய, பெருமழை மேலும் வலுக்கிறது.

நிலத்தின் பங்கு

காட்டில் இலைகள் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. சருகும் வேரும் நீரை மண்ணுள் இறக்குகின்றன. அந்நீர் மெல்லக் கசிந்து ஆற்றை அடைகிறது. தேயிலை அடர்ந்து வளர்ந்தபின் ஓரளவு மண்ணைக் காக்கும். இளஞ்செடிப் பருவத்திலோ மண் வெறுமையாகக் கிடக்கும். காய்கறி நிலம் அடிக்கடி கிளறப்படுவதால் அரிப்பு மிக அதிகம். பயிர்களின் மேல் வேயப்படும் பிளாஸ்டிக் கூரையில் விழும் மழை, மண்ணில் ஊறாமல் நேரே வாய்க்காலுக்கு ஓடுகிறது.

ஆற்றின் நிலை

அரிக்கப்பட்ட மண் ஆற்றின் அடியில் படிகிறது. ஆறு ஆழம் குறைகிறது. பெர்தாம் ஆற்றின் குறுக்கே, ரிங்லெட் அருகில், 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கத்திலும் வண்டல் குவிந்தது. 2013 அக்டோபரில் பெருமழையால் நீர்மட்டம் உயர, அணை திறக்கப்பட்டது. கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் ஆற்றோரம் குடியிருந்தோரின் வீடுகளுள் சேறும் நீரும் புகுந்தன, உயிர்களும் பறிபோயின.

எனினும், காடு ஒன்றே எல்லா வெள்ளத்தையும் தடுத்துவிடும் என எண்ணலாகாது. உள்நாட்டில் காடு பரந்திருந்த 1926ஆம் ஆண்டிலேயே பகாங், கிளந்தான் ஆறுகள் பெருவெள்ளம் கண்டன. மழை மிகப் பெரிதாயின் காட்டு மண்ணும் நிரம்பிவிடும். ஆனால், ஆண்டுதோறும் வரும் நடுத்தர மழை வெள்ளமாக மாறுவதும் மாறாததும் பெரிதும் நிலத்தைப் பொறுத்ததே.

நாம் செய்யத்தக்கவை

1. சரிவில் படிவரப்பு அமைத்து, குறுக்குவாட்டில் நடுதல்.
2. இளமரங்களுக்கிடையே மூடுபயிர் வளர்த்தல்.
3. ஆற்றங்கரை மரங்களை வெட்டாமலும், வாய்க்காலில் குப்பை கொட்டாமலும் இருத்தல்.
4. மழைக்காலத்தில் ஆற்றுநீர் திடீரெனக் கலங்கினாலோ, மழை பெய்யும்போதே நீர்மட்டம் திடீரெனத் தாழ்ந்தாலோ, அபாயச் சங்கு ஒலித்தாலோ, உடைமைகளை எண்ணித் தாமதியாமல் பிள்ளைகளுடனும் முதியோருடனும் மேட்டு நிலம் சேர்தல். நீர் தாழ்வது, மேலே மண்ணும் மரமும் ஆற்றை அடைத்துள்ளன என்பதன் அறிகுறியாகலாம்.

மழையை நிறுத்த நம்மால் இயலாது. அது விழும் மண்ணைக் காப்பது நம் கையில் உள்ளது.