ஐசியு-வில் நாங்கள் பேசிக்கொள்ளும் கதைகள்

தீவிர சிகிச்சைப் பிரிவின் ஒரு ஷிஃப்டில் எத்தனை விதமான ஆட்கள் வேலை பார்க்கிறார்கள் என்று வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஸ்டாஃப் நர்ஸ், டூட்டி டாக்டர், வென்டிலேட்டர் பார்க்கும் டெக்னீஷியன், பிசியோதெரபிஸ்ட், ஹவுஸ்கீப்பிங் அக்கா, ஸ்ட்ரெச்சர் தள்ளும் அண்ணன், வாசலில் நிற்கும் செக்யூரிட்டி எல்லோரும் சேர்ந்தால்தான் ஒரு இரவு ஒழுங்காக விடியும். இதில் பலருக்கு அடுத்தவர் பெயரே தெரியாமல் வருடங்கள் ஓடிவிடும். "சிஸ்டர்", "சார்", "அண்ணா" என்று கூப்பிட்டே வேலை நடந்துவிடும்.

சாதாரண நாளில் இது ஒரு குறையாகத் தெரியாது. நெருக்கடி வரும்போதுதான் தெரியும். சீனியர் ஒருவர் மருந்தின் அளவைத் தவறாகச் சொல்கிறார். பக்கத்தில் நிற்கும் ஜூனியர் நர்ஸுக்கு அது தவறு என்று படுகிறது. அந்த நொடியில் அவர் வாய் திறப்பாரா? அவர் படித்த படிப்பு மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. 'நான் சொன்னால் இவர் கேட்பார், எல்லார் முன்னாலும் என்னைச் சிறுமைப்படுத்த மாட்டார்' என்ற நம்பிக்கையும் வேண்டும். பல வருடங்களாக வார்டு இன்சார்ஜாக இருக்கும் நான், அந்த நம்பிக்கையை வளர்க்கக் கண்ட நல்ல வழி ஒன்று உண்டு. டீமில் இருப்பவர்கள் தங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லி, அதனால் தங்களுக்கு எது முக்கியமாகிப் போனது என்பதையும் சொல்ல, வேலை நேரத்திலேயே கொஞ்சம் இடம் கொடுப்பதுதான் அது.

மருத்துவமனைகளுக்கு இது புதிய விஷயம் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் டீமில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது ஓர் அம்சம். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 2009-இல் வெளிவந்த முடிவின்படி, அறுவை சிகிச்சைக்குப் பின் மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. பட்டியலில் வேறு பல அம்சங்களும் உண்டு. ஆனாலும் பெயர் சொல்வதை அதில் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒருமுறை வாய் திறந்து தன் பெயரைச் சொன்னவருக்கு, பிறகு ஓர் ஆபத்தைப் பார்த்தால் சொல்வது எளிதாகிறது.

ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் நடக்கும் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல டீம் உள்ள வார்டுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். பதிவான தவறுகளோ அங்கேதான் அதிகம். அங்கே இருந்தவர்கள் தவறை மறைக்காமல் பேசினார்கள் என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். எங்கள் வேலையைப் பற்றி இதைவிட முக்கியமான செய்தி வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இனி, நாங்கள் இதை எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன்.

இன்சார்ஜ் முதலில் பேச வேண்டும்

மாதத்தில் ஒரு நாள், காலை ஷிஃப்ட் மதிய ஷிஃப்டுக்கு ஹேண்ட்ஓவர் கொடுத்து முடித்ததும், பேஷண்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு டீயோடு உட்காருவோம். முதல் கூட்டத்தில் நான்தான் முதலில் பேசினேன். சிறு வயதில் என் அம்மா அரசு மருத்துவமனையில் படுத்திருந்தபோது, எல்லோரும் அவரைப் பெட் நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு நர்ஸ் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு ஊசி போடுவார். அவர் டூட்டிக்கு வரும் நாளில் அம்மாவின் முகமே வேறாக இருக்கும். நான் நர்சிங் படிக்க வந்ததற்கு அவர்தான் காரணம்.

இதைச் சொன்னபோது நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. நோயாளியைப் பெட் நம்பரை வைத்து அடையாளம் காணக்கூடாது, பெயர், மருத்துவமனைப் பதிவு எண் என்று குறைந்தது இரண்டு அடையாளங்களாவது வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அது எங்கள் சுவரிலும் ஒட்டியிருந்தது. ஆனால் ஹேண்ட்ஓவரில் "மூணாவது பெட்டுக்கு ஆன்டிபயாடிக் போயாச்சு" என்றுதான் பேசிக்கொள்வோம். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஒரு ஜூனியர், யாரும் சொல்லாமலே, பேஷண்டின் பெயரில் ஆரம்பித்து ஹேண்ட்ஓவர் கொடுத்தார். மெல்ல மெல்ல எல்லோரும் அப்படியே செய்தார்கள். விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது எதற்காக என்பதை மனதில் பதிய வைத்தது கதை.

கேள்வி வேலையைத் தொட வேண்டும்

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் ஊர், படிப்பு, குடும்பம் என்று பயோடேட்டாதான் வரும். நான் கேட்பது வேறு. உங்கள் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது யார் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள், அவர் என்ன செய்தார்? யாரும் பார்க்காவிட்டாலும் எந்த வேலையைச் சரியாகத்தான் செய்வீர்கள், ஏன்? இந்த வேலையில் உங்களுக்குப் பொறுக்கவே முடியாத விஷயம் எது?

ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர் இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார். கணவர் உள்ளே இருந்தபோது ஒரு பகல் முழுவதும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாராம். உயிரோடு இருக்கிறாரா என்றுகூட யாரும் வந்து சொல்லவில்லை. "அதான் வாசல்ல உக்காந்திருக்கவங்ககிட்ட நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போவேன்" என்றார். மாப் போட வரும்போது அவர் ஏன் அங்கே நிற்கிறார் என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு நர்ஸ் வெளியே போய் பேஷண்டின் வீட்டாரிடம் நிலவரம் சொல்ல வேண்டும் என்று அந்தக் கூட்டத்திலேயே முடிவெடுத்தோம். வாசலில் நடந்துகொண்டிருந்த சண்டைகள் அதன் பிறகு கண்கூடாகக் குறைந்தன.

ஆகவே ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் ஒரு கேள்வி கேட்பேன்: "இதைக் கேட்ட பிறகு நாளைக்கு டூட்டியில் எதை மாற்றலாம்?" ஒரே ஒரு மாற்றம் போதும். மாற்றம் எதுவும் இல்லையென்றால் கேட்டவர்கள் கண் கலங்கிவிட்டுக் கலைந்துபோவார்கள், சொன்னவருக்குத்தான் வீண் பாரம்.

எதைச் சொல்வது என்பது சொல்பவரின் உரிமை

நம் ஊரில் இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு? அப்பா என்ன பண்றார்?" என்ற கேள்விகள் எதைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கப்படுகின்றன என்று நம் எல்லோருக்கும் தெரியும். கதை சொல்லச் சொல்லி உட்காரவைத்து ஒருவரின் சாதியைத் துருவினால், அது டீமை உடைக்கும் வேலை. "கல்யாணம் ஆயிடுச்சா? இன்னும் குழந்தை இல்லையா?" என்பதும் அப்படித்தான். எங்கள் கூட்டத்தில் ஊர், சாதி, மதம், திருமணம் பற்றி யாரும் யாரையும் கேட்பதில்லை. சொல்பவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். "இன்னைக்கு வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்க மாட்டோம்.

உட்காரும் நாற்காலி, குடிக்கும் கப் எதிலும் டாக்டருக்கு ஒன்று, ஹவுஸ்கீப்பிங்குக்கு ஒன்று என்ற வித்தியாசம் கிடையாது. கதை வாயில் வருவதற்கு முன் சமத்துவம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தமிழ் சரளமாக வராதவர்கள் மலையாளத்திலோ மணிப்புரியிலோ பேசுவார்கள், கூட இருப்பவர் எடுத்துச் சொல்வார்.

கூட்டத்தில் கேட்டது எதுவும் டூட்டி ரோஸ்டருக்கோ வருடாந்திர மதிப்பீட்டுக்கோ போகாது. ஒருவர் தன் மன அழுத்தத்தைப் பற்றிப் பேசிய அடுத்த மாதமே அவரை ஐசியு-விலிருந்து மாற்றினால், அதன் பிறகு அந்த டீமில் ஒருவரும் உண்மையைப் பேச மாட்டார்கள்.

முதல் நாளிலேயே தொடங்குங்கள்

விப்ரோவின் பிபிஓ பிரிவில் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினரிடம் முதல் நாளே, உங்கள் தனித்தன்மை என்ன, எந்தச் சூழலில் உங்கள் திறமை முழுதாக வெளிப்படும் என்று கேட்டுப் பேசவைத்தார்கள். மற்றொரு பகுதியினருக்கு நிறுவனத்தின் பெருமையைச் சொன்னார்கள். தங்களைப் பற்றிப் பேச வாய்ப்புப் பெற்றவர்களே வேலையில் அதிகம் நிலைத்தார்கள். வாடிக்கையாளர்களும் அவர்களிடம் கூடுதல் திருப்தி அடைந்தார்கள். எங்கள் வார்டிலும் புது நர்ஸ் வந்தால் விதிமுறைப் புத்தகத்தைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: "எந்த வேலையை உங்களை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்கலாம்?" அந்தப் பதிலில் அவர் எதைப் பெரிதாக மதிக்கிறார் என்பது தெரிந்துவிடும். முதல் வாரத்திலேயே அந்த வேலையில் ஒன்றை அவரிடம் ஒப்படைத்துவிடுவேன்.

நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, மாதக் கடைசியில் கதை பேச உட்காரச் சொன்னால் அது அவர்களை ஏமாற்றுவது. போதிய ஆள், நியாயமான சம்பளம், டூட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போகும் உரிமை, இவை முதலில் வேண்டும். இந்தக் கூட்டத்தையும் டூட்டி நேரத்துக்குள்தான் வைக்க வேண்டும், லீவு நாளில் கூப்பிடக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தால் இதற்குச் செலவென்று பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் வேலையிடம் பள்ளியோ வங்கியோ பட்டறையோ எதுவாக இருந்தாலும், பொறுப்பில் இருக்கும் நீங்கள் இந்த வாரமே ஆரம்பிக்கலாம். இந்த வேலையில் உங்களுக்கு எது முக்கியம், அது எந்த அனுபவத்திலிருந்து வந்தது என்பதை உங்கள் ஆட்களிடம் ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள். பிறகு அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கேட்டதிலிருந்து ஒன்றையாவது அடுத்த நாள் வேலையில் செய்து காட்டுங்கள். தான் சொன்னது நடந்ததைப் பார்த்தவர், தவறைப் பார்க்கும்போதும் சொல்வார்.