விருப்பமான ஆசிரியர்

தாம் விரும்பிக் கற்ற ஆசிரியரைப் பிறர்க்கு எடுத்துரைத்தலும், பிறர் விரும்பும் ஆசிரியர் யாவரெனக் கேட்டறிதலும் கற்றோர்க்கு இயல்பு. இவ்வழக்கத்தால் தமிழுக்கு விளைந்த பெரும்பயன் ஒன்றை ஈண்டுக் காண்போம்.

1880-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியேற்றார். அப்பொழுது அவருக்கு வயது 25. அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்தார் சேலம் இராமசாமி முதலியார். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டப் பகுதி அந்நாளில் சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தது. ஆதலின் முதலியாரை நம் பகுதியினர் என்று நாம் உரிமை பாராட்டலாம்.

அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் ஐயர் முதலியாரைக் காணச் சென்றார். யாரிடம் பாடங்கேட்டீர், எந்நூல்களைக் கற்றீர் என்று முதலியார் வினவினார். ஐயர் தம் ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைக் குறிப்பிட்டு, தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை முதலியவற்றை அடுக்கடுக்காகக் கூறினார். முதலியார் முகம் மலரவில்லை. கம்பராமாயணம், பெரியபுராணம் என்று கூறியும் அவர் நிறைவுறவில்லை. சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றைக் கற்றதுண்டோ என்று கேட்டார். ஐயர் அந்நூல்களைக் கண்ணாலும் கண்டதில்லை.

மாணவர்காள்! இருவர் செயலையும் நோக்குங்கள். முதலியார் தாம் விரும்பிய நூலின் பெருமையைக் கூறியதோடு அமையாது, தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியையும் ஐயருக்கு அளித்தார். ஐயரும், ஆசிரியப் பதவியில் இருக்கின்றோம் என்று நாணாது, அறியாததை அறியேன் என்று கூறி அதனைப் பெற்றுக்கொண்டார். இருவரும் ஒருங்கிருந்து பயின்றனர். சிந்தாமணியை இயற்றிய திருத்தக்கதேவர் சமணர். ஐயரோ சைவ நூல்களில் ஊறியவர். சமண சமயச் செய்திகள் விளங்காதபோது, ஐயர் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடிச் சென்று ஐயம் தெளிந்தார்.

பயன் யாது? 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. தொடர்ந்து பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் ஐயர் பதிப்பாக வெளிவந்தன. ஏடுகள் செல்லரித்து அழிந்துகொண்டிருந்த காலம் அது. அந்த உரையாடல் இன்னும் சில ஆண்டுகள் தாழ்ந்திருப்பின், எத்தனை ஏடுகள் எஞ்சியிருக்குமோ!

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது குருபரப்பள்ளி. கருநாடக எல்லையை அடுத்த இவ்வட்டாரத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக வழங்குகின்றன. எல்லைக்கு அப்பாலுள்ள கோலார் மாவட்டத்தில் பிறந்தவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட அவர், கன்னடத்தில் சிறுகதைகளும் புதினங்களும் எழுதி, 1983-ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருதினைப் பெற்றார். கன்னடம் பேசும் உம் வகுப்புத் தோழன் அவர் கதையொன்றை உமக்குச் சொல்லலாம்; நீவிர் அவனுக்குப் புதுமைப்பித்தன் கதையொன்றைச் சொல்லலாம்.

ஆனால் ஆசிரியர் பெயரை மட்டும் கூறி நின்றுவிடாதீர். எப்பகுதி உம் நெஞ்சைத் தொட்டது, அஃது ஏன் என்பதை எடுத்துரையுங்கள். இயலுமாயின் நூலையும் கையில் கொடுங்கள். தோழன் தன் ஆசிரியரைப் பற்றிக் கூறுங்கால், குறுக்கிட்டு மறுக்காது இறுதிவரை கேளுங்கள். அவன் கூறும் நூல் நீவிர் அறியாததாயின், அறியேன் என்று சொல்லி, அதனை வாங்கிப் படியுங்கள்.