கேசியோ சிஇசட்-101: காசு கொடுக்கும் முன்

பழைய சிந்தசைசர் என்றதும் ரோலண்ட் ஜூனோ-106 விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களே அதிகம். ஸ்டுடியோ வேலையில் புதிதாக இறங்கும் கீபோர்டு கலைஞருக்கு அது அவசியமில்லை. 1984-ல் வந்த கேசியோ சிஇசட்-101 போதும். அந்தத் தலைமுறைக் கருவிகளில் இன்றும் கைக்கு எட்டுகிற விலையில் கிடைப்பது இது.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 49 கட்டைகள், அவையும் பொடிசு. ஓங்கி வாசித்தாலும் மெல்ல வாசித்தாலும் ஒலி ஒன்றுதான். திருகக் குமிழ்கள் கிடையாது; எதை மாற்றுவதானாலும் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே ஒலிகளை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போங்கள், இசையமைப்பாளரைக் காக்க வைக்காதீர்கள். பியானோ வாசிக்கவென்று வாங்கினால் ஏமாந்துபோவீர்கள்.

பிறகு எதற்கு இது? ஒலி மாறுகிற விதத்துக்காக. அனலாக் கருவியில் ஃபில்டர் பார்க்கும் வேலையை இதில் ஃபேஸ் டிஸ்டார்ஷன் என்ற டிஜிட்டல் முறை பார்க்கிறது. அலையைப் படிக்கும் வேகத்தை ஒவ்வொரு சுற்றுக்குள்ளேயும் கூட்டிக் குறைத்து, வழவழப்பான அலையைக் கூராக்கிவிடுகிறது. சுருதி, தொனி, ஒலியளவு மூன்றுக்கும் தனித்தனியே, நேரம் போகப் போக அவை மாறும் விதத்தை வகுக்கும் எட்டுப் படி என்வலப். பல அனலாக் கருவிகளில் நான்குதான். அதனால் ஒரே கட்டையை அழுத்திப் பிடித்தால், ‘டங்’கென்று உலோகமாய்த் தொடங்கி, மங்கி, மறுபடி பளீரென விரியும் ஒலியை உருவாக்கலாம். பேஸும் மணியோசையும் இதன் பலம். இரண்டு ஒலி வரிசைகளைச் சேர்த்துத் தடிப்பாக்கினால் மட்டும், ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்கள் எட்டிலிருந்து நான்காகக் குறையும்.

விற்பவரிடம் பேட்டரிப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஆறு பெரிய டி பேட்டரிகள் உட்காரும் இடம் அது. கசிந்து பச்சை பூத்திருந்தால் உள்ளேயும் பார்க்காமல் விலை பேசாதீர்கள். புது பேட்டரி போட்டு, ஒரு ஒலியைச் சேமித்து, அணைத்து, மறுபடி போட்டு அது அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து எல்லாக் கட்டைகளையும் வாசியுங்கள். ஒன்றிரண்டு பேசவில்லையென்றால் பெரும்பாலும் அடியில் உள்ள ரப்பர் தொடுப்பில் அழுக்கு. துடைத்தால் சரியாகும், பேரம் பேசவும் உதவும். எந்தக் கட்டையை அடித்தாலும் இடையிடையே சுரம் விழுந்துபோனால் கோளாறு சர்க்யூட்டில். யோசிக்காமல் கிளம்பிவிடுங்கள்.

மிடி இன், அவுட் இரண்டையும் மடிக்கணினியில் சொருகிச் சோதியுங்கள். நான்கு சேனல்களில் நான்கு வெவ்வேறு ஒலிகளை ஒருசேர இயக்கலாம் என்பது இந்த விலைக்குப் பெரிய லாபம். வாங்கிய அன்றே, சேமித்த ஒலிகளை மிடி வழியாகக் கணினிக்கு இறக்கி வையுங்கள். பேட்டரி தீர்ந்தால் அவை அழிந்துவிடும்.